போர்க்காலத்தில் தலைவர்களைப் பரிவோடு எடைபோடுவது என்றால் என்ன?

ஒரு போர் தொடங்கியதுமே, தலைவர்களின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். எதிர்த் தரப்புத் தலைவர் ஏன் படையை அனுப்பினார் என்றால் பதவி ஆசை, ரத்த வெறி, பைத்தியம் என்று பதில் உடனே வந்துவிடும். நமக்கு வேண்டிய தரப்பின் தலைவர் ஏன் குண்டு போடச் சொன்னார் என்றால், பாவம், அவருக்கு வேறு வழியில்லை, மக்களைக் காப்பாற்றத்தான் என்போம். இரண்டு பேரும் செய்தது கிட்டத்தட்ட ஒரே காரியமாக இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு அவருடைய குணத்தைக் காரணம் காட்டுகிறோம், இன்னொருவருக்கு அவருடைய சூழ்நிலையை.

இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, இரு தரப்புத் தலைவர்களையும் பயமும் ஆசையும் நம்பிக்கையும் உள்ள, தவறக்கூடிய மனிதர்களாகப் பார்த்து, அவர்களுடைய உள்நோக்கத்தை நிதானமாக எடைபோடுவதைத்தான் இந்தக் கட்டுரையில் பரிவு என்று சொல்கிறேன். பலர் இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மன்னிப்பு வேறு விஷயம். ஒருவர் செய்தது கொடுமை என்றால் அது கொடுமைதான். அதைச் சொல்லத் தயங்கத் தேவையே இல்லை. ஏன் செய்தார் என்ற கேள்விக்கு மட்டும் பதிலை அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

பனிப்போர்க் காலத்தில் ரால்ஃப் வைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதினார். எதிரி என்ன நினைக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று உள்ளபடி புரிந்துகொள்வது ஒன்று, அவன் பக்கம் சாய்வது இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது இல்லாமல் போரைத் தவிர்க்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது என்பது அவருடைய வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தலைவர்களைப் பரிவோடு பார்ப்பதை ஒரு நல்ல குணமாக மட்டும் நான் பார்க்கவில்லை. போரைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் மனம் ஏன் இப்படி அவசரப்படுகிறது?

1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, எழுதியவர் உண்மையில் காஸ்ட்ரோவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டார்கள். சிலரிடம் மட்டும், "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்கு உத்தரவு போட்டிருந்தார்கள், அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். உத்தரவு என்ற சூழ்நிலை கண்ணெதிரே இருந்தும் மனம் அதைத் தாண்டிக் குணத்துக்குப் போய்விட்டது. நாம் நேரில் பார்த்தே இராத, பல நெருக்கடிகளுக்கு நடுவே முடிவெடுக்கும் ஒரு நாட்டுத் தலைவரைப் பற்றி நாம் எவ்வளவு சுலபமாகத் தவறிவிடுவோம் என்று நினைத்துப் பாருங்கள்.

2014-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு போருக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஆடம் வேட்ஸ், லியான் யங், ஜெரமி கிஞ்சஸ் ஆகிய மூவரும் இஸ்ரேலியர்களிடமும் பாலஸ்தீனர்களிடமும், அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போவது எங்கள் மக்கள் மேல் உள்ள பாசத்தால், அவர்கள் சண்டைக்கு வருவது எங்கள் மேல் உள்ள வெறுப்பால் என்பதுதான் எல்லாத் தரப்பிலும் வந்த பதில். அதே ஆய்வில் அமெரிக்கர்களிடம், எதிர்க்கட்சிக்காரர்களின் மனதைச் சரியாகக் கணித்தால் பணம் தருகிறோம் என்று சொன்னபோது இந்தச் சாய்வு குறைந்தது. எனக்கு இது நம்பிக்கை தரும் தகவல். நிதானமாக யோசிக்க நமக்கு முடியும், யோசிக்க ஒரு காரணம் மட்டும் வேண்டியிருக்கிறது.

சமாதானப் பேச்சு வரும்போது இந்தச் சாய்வு இன்னும் ஆபத்தாகிறது. 1980-களில் அமெரிக்காவில், அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஒரே திட்டத்தைப் பொதுமக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். இது அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சொன்ன திட்டம் என்றபோது 90 சதவீதம் பேர் அமெரிக்காவுக்குச் சாதகம் அல்லது இரு தரப்புக்கும் நியாயம் என்றார்கள். சோவியத் தலைவர் மிகயில் கோர்பச்சேவ் சொன்ன திட்டம் என்றபோது அது 44 சதவீதமாகச் சரிந்தது. திட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இவர் சொல்கிறார் என்றால் உள்ளே ஏதோ சூழ்ச்சி இருக்கும் என்ற நினைப்புதான் மாறியிருந்தது.

பரிவோடு எடைபோடுவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, 1962 அக்டோபர் 27-ஐ விட நல்ல நாள் கிடைக்காது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டுபிடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளை மாளிகையில் அதிபர் ஜான் கென்னடியும் ஆலோசகர்களும் கூடியிருக்கிறார்கள். முந்தைய நாள் மாலை சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்திருந்தது. கியூபாமேல் படையெடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். போர் என்ற முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டாம், இழுக்க இழுக்க இறுகி, முடிச்சுப் போட்டவராலேயே அவிழ்க்க முடியாமல் போகும் என்று அதில் எழுதியிருந்தார். மறுநாள் காலையில் மாஸ்கோ வானொலி அவருடைய வேறு ஒரு செய்தியை வாசித்தது. துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்றது அது. அதே நாளில் கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்துபோனார்.

அந்த அறையில் இருந்த பலருக்கு, குருஷ்சேவ் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்ட அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அங்கே லூவலின் தாம்ப்சன் என்று ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். குருஷ்சேவையும் அவர் குடும்பத்தையும் நேரில் பழகித் தெரிந்தவர். பேச்சுவார்த்தையால் இந்த ஆயுதங்களை வெளியே எடுக்க முடியாது போலிருக்கிறது என்று கென்னடி சொன்னபோது, தாம்ப்சன் அதிபரின் முகத்துக்கு நேராகவே "நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். "கியூபாவைக் காப்பாற்றினேன், ஒரு படையெடுப்பைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடிவதுதான் குருஷ்சேவுக்கு முக்கியம்" என்பது அவர் சொன்ன விளக்கம். அந்த உரையாடல் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது.

அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். குருஷ்சேவ் நல்லவர் என்று வாதாடவில்லை. ஏவுகணை வைத்தது சரி என்று சொல்லவில்லை. தன் கட்சிக்கும் தன் நாட்டுக்கும் முன்னால் தலைகுனியாமல் பின்வாங்க ஒரு வழி தேடும் மனிதராக அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். கென்னடியும் தன் பங்குக்கு இன்னொரு கோணத்தைப் பார்த்தார். துருக்கிக்குக் கியூபா என்ற மாற்று, நியாயமாக யோசிக்கும் எவருக்கும் நல்ல பேரமாகத்தான் தெரியும் என்று அதே நாளில் பேசினார். அன்று மாலை அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரினினைச் சந்தித்து, படையெடுக்க மாட்டோம் என்ற வாக்கோடு, துருக்கி ஏவுகணைகளும் சில மாதங்களில் போய்விடும் என்று ரகசியமாகச் சொன்னார். மறுநாள் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குருஷ்சேவின் நோக்கம் ஒன்றல்ல. 1961 ஏப்ரலில் அமெரிக்க ஆதரவோடு கியூபாவில் நடந்து தோற்றுப்போன படையெடுப்பை அவர் பார்த்திருந்தார், அது திரும்ப வரும் என்று பயந்தார். கூடவே, அணு ஆயுதத்தில் அமெரிக்காவைவிடத் தன் நாடு பின்தங்கியிருப்பதைக் குறுக்குவழியில் சரிக்கட்டவும் விரும்பினார். கென்னடிக்கும் நாட்டின் பாதுகாப்புக் கவலையோடு, நவம்பரில் வரவிருந்த நாடாளுமன்றத் தேர்தலும் மனதில் இருந்தது. பயம், பெருமை, கணக்கு, அக்கறை எல்லாம் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அதனால் ஒரு தலைவரின் நோக்கம் "இதுதான்" என்று ஒற்றைச் சொல்லில் யாராவது முடித்தால், அங்கேயே சந்தேகப்பட ஆரம்பிக்கலாம்.

தலைவர்கள் போருக்கு வெளியே நின்று காய் நகர்த்துகிறார்கள், அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நாம் அடிக்கடி சொல்வோம். பல நேரம் அது உண்மைதான். ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பிரதமராக இருந்த பெத்மான் ஹோல்வெக் 1914 டிசம்பரில் தன் மூத்த மகனைப் போர்முனையில் இழந்தார். பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்க்வித்தின் மூத்த மகன் ரேமண்ட் 1916 செப்டம்பரில் சொம் போர்க்களத்தில் இறந்தார். போர் நிற்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவர்களே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் ரத்த வெறி என்ற பதில் உதவாது. இத்தனை பேர் செத்த பிறகு பாதியில் நிறுத்தினால் அந்தச் சாவுகளுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி அப்போது எல்லா நாடுகளிலும் இருந்தது. உயிரைக் கொட்டக் கொட்டப் பின்வாங்குவது இன்னும் கடினமாகிறது. இந்தப் பொறியில் மாட்டியவரைப் பார்த்து வருத்தப்பட முடியும். அதே நேரத்தில், லட்சக்கணக்கான மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் அதே பொறிக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள் என்பதையும் மறக்க முடியாது.

இவ்வளவு சொன்னபின் வரும் எதிர்க்கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததே. "இப்படிப் பரிவு பார்த்துத்தானே சேம்பர்லின் ஹிட்லரிடம் ஏமாந்தார்?" இது நியாயமான கேள்வி. கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் 1938 செப்டம்பரில், 69 வயதில், விமானம் ஏறி ஹிட்லரைப் பார்க்கப் போனார். அவருக்கு மிக நெருக்கமாக இருந்த உறவினர் நார்மன் முதல் உலகப் போரில் 1917-ல் கொல்லப்பட்டவர். இன்னொரு போர் வரக் கூடாது என்ற அவருடைய தவிப்பு உண்மையானது. திரும்பி வந்து தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், ஹிட்லரின் முகத்தில் கடுமையையும் இரக்கமின்மையையும் கண்டாலும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நம்பக்கூடிய மனிதராகப் பட்டது என்று குறிப்பிட்டார். செப்டம்பர் 30 அதிகாலை மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதி ஜெர்மனிக்குப் போனது. அந்த நாட்டின் பிரதிநிதிகள் அந்த மேசையில் உட்காரவே இல்லை. அடுத்த மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்தது.

சேம்பர்லின் எங்கே தவறினார்? என் கணிப்பில் இரண்டு இடங்களில். முதலாவது, சில மணி நேரச் சந்திப்பையும் ஒரு முகத்தையும் வைத்து உள்நோக்கத்தை முடிவு செய்தார். ஹிட்லர் பல வருடங்களாகத் தன் ஆட்களிடம் என்ன பேசினார், என்ன எழுதினார், பதவிக்கு வந்ததிலிருந்து யூதர்களையும் எதிர்க்கட்சியினரையும் என்ன செய்தார் என்ற பதிவுகள் திறந்தே கிடந்தன. இரண்டாவது, அவருடைய பரிவு குறுகலாக இருந்தது. செப்டம்பர் 27 வானொலிப் பேச்சில் செக்கோஸ்லோவாகியா விவகாரத்தை, எங்கோ தொலைதூர நாட்டில் நமக்கு ஒன்றும் தெரியாத மக்களிடையே நடக்கும் சண்டை என்று சொன்னார். தன் எதிரே உட்கார்ந்திருக்கும் தலைவரின் மனதைப் படிக்க முயன்ற ஒருவர், அந்த முடிவால் வீட்டை இழக்கப்போகிறவர்களை நினைக்கவில்லை. பரிவு அதிகமானதால் அவர் ஏமாந்தார் என்று சொல்வதைவிட, அது போக வேண்டிய எல்லா இடத்துக்கும் போகாததால் ஏமாந்தார் என்றே நான் சொல்வேன்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கடிதம் இருக்கிறது. 1940 டிசம்பர் 24 அன்று காந்தி ஹிட்லருக்கு எழுதியது. அன்புள்ள நண்பரே என்றுதான் ஆரம்பிக்கிறார். உங்கள் எதிரிகள் வர்ணிக்கும் அரக்கர் நீங்கள் என்று நாங்கள் நம்பவில்லை என்கிறார். அதற்கு அடுத்த வாக்கியமே, உங்கள் சொந்த எழுத்துகளும் பேச்சுகளும், உங்கள் நண்பர்களின் எழுத்துகளும், உங்களுடைய பல செயல்கள் அரக்கத்தனமானவை, மனித கண்ணியத்துக்குத் தகாதவை என்பதில் சந்தேகமே வைக்கவில்லை என்று போகிறது. போர் பற்றி அந்த வருடங்களில் காந்தி சொன்ன எல்லா யோசனைகளையும் என்னால் ஏற்க முடியாது. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களில் மனிதரையும் செயலையும் அவர் பிரித்த விதம் நமக்கு ஒரு நல்ல மாதிரி. மனிதரைப் பற்றி மிச்சம் வைக்கிறார், செயலைப் பற்றி மிச்சம் வைக்கவில்லை. செயலைச் சொல்ல அவர் பிடித்துக்கொண்ட சாட்சியும் முகமோ பேச்சின் தொனியோ அல்ல, எழுத்துப் பதிவு.

சேம்பர்லின் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. அவர் 1940 மே மாதம் பதவி விலகி, நவம்பர் 9-ல் புற்றுநோயால் இறந்தார். மூன்று நாள் கழித்து நாடாளுமன்றத்தில் இரங்கல் உரை நிகழ்த்த எழுந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். மியூனிக்கை மிகக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அவர் சொன்னது நடந்துவிட்டிருந்தது. லண்டன் மேல் தினமும் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். நான் அன்றே சொன்னேனே என்று பேச அதைவிட வசதியான நாள் இருக்க முடியாது. அவர் வேறு மாதிரி பேசினார். நிகழ்ச்சிகளால் பொய்யாக்கப்படவும், நம்பிக்கைகளில் ஏமாறவும், ஒரு தீய மனிதனால் வஞ்சிக்கப்படவும் சேம்பர்லினுக்கு விதித்திருந்தது என்றார். ஆனால் அவர் ஏமாந்த அந்த நம்பிக்கைகள் எவை என்று கேட்டுவிட்டு, சமாதானத்தின் மேல் உள்ள ஆசை, அதற்காகப் பாடுபடுவது, பெரிய ஆபத்தையும் கெட்ட பெயரையும் தாங்கிக்கொள்வது ஆகியவை மனித இதயத்தின் மிக உயர்ந்த உணர்வுகளைச் சேர்ந்தவை அல்லவா என்றார். ஒரு கட்டத்தில் ஒருவர் சரியாகத் தெரிவார், இன்னொரு கட்டத்தில் தவறாகத் தெரிவார் என்றும் சொன்னார்.

அந்த உரையில் மியூனிக் சரி என்ற வார்த்தை எங்கும் இல்லை. கொள்கை தவறு என்ற தன் கருத்தை சர்ச்சில் மாற்றிக்கொள்ளவும் இல்லை. அந்தக் கொள்கையை வகுத்தவரின் மனதைக் கொச்சைப்படுத்த மட்டும் மறுத்தார். அதே மூச்சில் ஹிட்லரைத் தீய மனிதன் என்றே சொன்னார். பரிவோடு பார்த்தால் யாரையும் தீயவர் என்று சொல்லக் கூடாது என்ற விதி கிடையாது. பதிவுகள் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே நிற்கத்தான் வேண்டும்.

அப்புறம், எதிரியின் மனதைப் படிக்க மறுப்பதற்கும் விலை உண்டு என்பதை ஈராக் காட்டியது. 2003 மார்ச்சில் அமெரிக்கா படையெடுத்தபோது, சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களை மறைக்கிறார், இல்லையென்றால் ஏன் இப்படி மழுப்புகிறார் என்பது பெரிய வாதமாக இருந்தது. ஆயுதக் கிடங்குகள் எதுவும் கிடைக்கவில்லை. பிடிபட்ட பிறகு 2004-ல் நடந்த விசாரணையில், தன் பலவீனம் ஈரானுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே தன் கவலை என்று சதாம் சொன்னார். 1980 முதல் 1988 வரை ஈரானோடு போரிட்ட ஒருவருக்கு அந்தப் பயம் இருக்கும் என்று முன்பே ஊகித்திருக்க முடியும். இதைச் சொல்வதால் சதாம் ஒரு அப்பாவி ஆகிவிடுவதில்லை. 1988-ல் ஹலப்ஜாவில் அவருடைய படை ஆயிரக்கணக்கான குர்து மக்களை விஷவாயுவால் கொன்றது. அவர் கொடியவர் என்பதும் அவர் ஈரானுக்குப் பயந்தார் என்பதும் இரண்டுமே உண்மை. முதலாவது தெரிந்ததால் இரண்டாவதைத் தேடாமல் விட்டார்கள்.

ரீகனின் டைரி இதற்கு நேர்மாறான உதாரணம். 1983 மார்ச்சில் சோவியத் ஒன்றியத்தைத் தீய பேரரசு என்று மேடையில் பேசியவர் அவர். அந்த செப்டம்பரில் சோவியத் போர் விமானம் ஒரு கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்றது, அதை அவர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். நவம்பர் 18 அன்று தன் டைரியில் அவர் எழுதியது வேறு தொனியில் இருக்கிறது. தாங்கள் தாக்கப்படுவோம் என்று சோவியத் தலைவர்கள் அவ்வளவு பயப்படுகிறார்கள், அவர்களிடம் கொஞ்சமும் மென்மை காட்டாமலே, எங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார். கண்டனமும் அந்தப் புரிதலும் ஒரே மனிதரிடம் ஒரே இலையுதிர்காலத்தில் இருந்தன. 1987 டிசம்பரில் அவரும் கோர்பச்சேவும் நடுத்தரத் தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இனி ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பரிவை யாரிடம் கேட்கிறோம் என்பது மிக முக்கியம். குண்டு விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், குண்டு போடச் சொன்னவரின் பயத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அந்தத் தாய் அவரை எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் அழைக்கலாம். தொலைவில் பாதுகாப்பாக உட்கார்ந்து செய்தி படிக்கிறவர்களுக்கும், கருத்துச் சொல்கிறவர்களுக்கும், முடிவெடுக்கிறவர்களுக்கும் உரிய வேலை இது. கோபப்படக் காரணம் குறைவாகவும் யோசிக்க நேரம் அதிகமாகவும் இருப்பவர்கள் நாம்தான். தலைவரின் மனதைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும், செத்தவர்களைப் பற்றி முதலில் பேசியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அது விட்டுப்போனால் சேம்பர்லின் செய்த பிழையையே நாமும் செய்கிறோம்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-ன் ரோம் சாசனம், நாட்டுத் தலைவர் என்ற பதவி யாரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று 27-ஆம் பிரிவில் சொல்கிறது. குற்றம் செய்தவர் தெரிந்தும் வேண்டுமென்றும் செய்தாரா என்று நீதிமன்றம் கேட்கும். நாட்டுப்பற்றால் செய்தேன், பயத்தில் செய்தேன் என்பது கொடுமையைக் குற்றமில்லாமல் ஆக்காது. அதனால், தலைவரின் மனதைப் புரிந்துகொண்டால் அவர் தப்பித்துவிடுவார் என்ற கவலையை ஓரமாக வைக்கலாம். தண்டிப்பதும் புரிந்துகொள்வதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

சரி, செய்தி படிக்கும்போது இதை எப்படிச் செய்வது? நான் முதலில் செய்வது, செய்தியில் நடந்ததையும் நடந்ததற்கான காரணத்தையும் பிரித்துப் படிப்பது. "எல்லையில் படை குவித்தார்" என்பது நடந்தது. "மிரட்டுவதற்காகப் படை குவித்தார்" என்பதில் அந்த முதல் சொல் யாரோ ஒருவரின் ஊகம். அது சரியான ஊகமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஆதாரம் அந்தச் செய்தியிலேயே இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இருக்காது. பிறகு, இதே செயலுக்கு வேறு என்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று இரண்டு மூன்றை யோசித்துப் பார்க்கலாம். அவருக்கு உள்நாட்டில் யாரால் ஆபத்து, பத்து வருடம் முன்பு அந்த நாட்டுக்கு என்ன நடந்தது, பின்வாங்கினால் அவர் எதை இழப்பார் என்று தேடினாலே காரணங்கள் தானாக வரும். அவர் வெளிநாட்டுப் பேட்டியில் சொன்னதைவிட, சொந்த மக்களிடம் சொந்த மொழியில் வருடக்கணக்காகச் சொல்லிவருவதற்கும், எதற்காக உண்மையிலேயே விலை கொடுத்தார் என்பதற்கும் அதிக எடை தர வேண்டும். பெயர்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் உதவும். இதே உத்தரவை நமக்கு வேண்டிய தலைவர் போட்டிருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்போம்?

இந்தக் கடைசிக் கேள்வி மறுபக்கமாகவும் வெட்டும். சொந்தத் தரப்புத் தலைவரிடம் நமக்குப் பரிவு குறைவாக இருப்பதில்லை, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுக்குப் பிறகு, 1945 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ஹாரி ட்ரூமன், தன் உத்தரவில்லாமல் இனி அணுகுண்டு போடக் கூடாது என்று நிறுத்தினார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பது என்ற எண்ணமே மிகக் கொடூரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகளைக் கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதாக, அந்த அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த ஹென்றி வாலஸ் தன் டைரியில் எழுதியிருக்கிறார். ட்ரூமன் ஒரு கல்நெஞ்சர் என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவருடைய வருத்தத்தைக் காட்டி அந்த இரண்டு நகரங்களில் நடந்ததைச் சமாதானப்படுத்த நினைப்பவர்களும் படிக்க வேண்டும், குழந்தைகள் செத்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

உள்நோக்கம் பற்றிய நம் முடிவுகளை எழுதும்போது பக்கத்தில் தேதியும் போட்டுக்கொள்வது நல்லது, "இன்றுவரை தெரிந்ததை வைத்து" என்று. 1962-ல் துருக்கி பற்றிக் கொடுத்த ரகசிய வாக்கு 25 வருடங்களுக்கும் மேலாகப் பொதுவெளியில் உறுதியாக வரவில்லை. அத்தனை காலமும், கென்னடி அசையாமல் நின்றார், குருஷ்சேவ் பயந்து பணிந்தார் என்றே பெரும்பாலோர் படித்தார்கள். 1989-ல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில், கென்னடியின் ஆலோசகராக இருந்த தியடோர் சோரன்சன் அந்த வாக்கு கொடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்டார். ஒலிநாடாக்களின் எழுத்துப் பிரதிகளும் அந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இருவரும் பயந்தார்கள், இருவரும் விட்டுக்கொடுத்தார்கள் என்று பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியிருந்தது.